வலிப்பு வந்தால் ஸ்கேன் எதற்கு? கணவன் மனைவி இருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை



மங்கலம்பேட்டைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பேர் எதற்கு? எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். கல்யாணம் ஆகி நாலு வருஷம், இரண்டரை வயசில் ஒரு குழந்தை. மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் வலது கை தானாகவே வெட்டி வெட்டி இழுக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. அப்புறம் நினைவு தப்பி விழுகிறாள். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அதற்குள் ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாயிற்று. இன்னொருவர் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து வாயில் ஊற்றப் பார்த்தாயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் மாமியார் பேச்சைத் தொடங்குகிறார்.

"பொண்ணு குடுக்கும்போதே மறைச்சிட்டாங்கடா. இது அவங்க வம்சத்துல ஓடுற சீக்கு. கொண்டுபோயி அவ ஆத்தா வூட்டுலயே வுட்டுட்டு வா."

மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே குழந்தை அழுகிறது.

அந்தக் கணவர் பேச வேண்டிய நேரம் அதுதான். என்ன பேச வேண்டும் என்று தெரியாததால்தான் பல பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்தத் துண்டுப் பிரசுரம் அவருக்காக. அந்தப் பெண்ணுக்காகவும்தான். ஏன், அந்த மாமியாருக்கும் யாராவது உரக்கப் படித்துக் காட்டினால் நல்லது.

வலிப்பு என்பது ஒரே வியாதி இல்லை

சுரம் எப்படிப் பல காரணத்தால் வருமோ, வலிப்பும் அப்படித்தான். தலையில் அடிபட்டதால் வரும். குடியால் வரும். மூளைக் காசநோயால் வரும். சிலருக்குச் சிறு வயசிலிருந்தே இருக்கும். சிலருக்குக் காரணமே பிடிபடாது. ஆனால் இதுவரை ஒரு தொந்தரவும் இல்லாத வாலிப வயசுக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் திடீரென்று வலிப்பு வந்தால், நம் நாட்டில் மருத்துவர்கள் கட்டாயம் நினைத்துப் பார்க்கும் காரணம் ஒன்று உண்டு. அது மூளையில் புழுக்கட்டி. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், பொரிந்து, ரத்தத்தோடு மூளைக்கு ஏறி, அங்கே சின்ன நீர்க்கொப்புளமாகத் தங்கிவிடுகிறது.

இது புதுசாக வந்த நோய் இல்லை. 1888ஆம் ஆண்டிலேயே, வலிப்பு கண்டு இறந்துபோன சென்னைக் கூலித் தொழிலாளி ஒருவரின் மூளையில் இந்தக் கட்டிகள் இருந்ததை ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே பணிபுரிந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்குச் சில வருஷம் கழித்து வலிப்பு வந்தது. 1930களில் மெக்கார்தர் என்ற ராணுவ மருத்துவர் அவர்களை ஆராய்ந்து, காரணம் இந்தப் புழுக்கட்டிதான் என்று காட்டினார். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முட்டை உள்ளே போவதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவே இரண்டு வருஷமும் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே "எங்க வூட்டுக்கு வந்த பிறகுதானே வந்துச்சு", "இல்ல, பொறந்த வூட்டுலயே இருந்துச்சு" என்ற சண்டைக்கே இடமில்லை. எந்த வீட்டில், எந்த ஊரில், எந்தத் திருவிழாச் சாப்பாட்டில் அந்த முட்டை வந்ததென்று யாராலும் சொல்ல முடியாது.

வேலூர் சொன்ன சேதி

1980களில் நம் நாட்டில் சி.டி. ஸ்கேன் பரவியபோது மருத்துவர்களுக்கே ஒரு புதிர் வந்தது. வலிப்பு வந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், மூளையில் ஒரே ஒரு சின்ன வளையம் பளிச்சென்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று நினைத்துப் பல பேருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் சிலருக்கு அந்த மாத்திரை இல்லாமலே வளையம் மறைந்துபோனது. அப்படியானால் அது என்ன?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பல கட்டிகளில் இருந்தது காசநோய் இல்லை, செத்துக்கொண்டிருக்கும் புழு. 1989இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை வெளியிட்டார்கள். தேவையில்லாமல் காசநோய் மருந்து சாப்பிடுவதிலிருந்தும், மண்டையைத் திறப்பதிலிருந்தும் எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு இது. நம் தமிழ்நாட்டில் நடந்தது என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் 50,000 பேருக்கு மேல் விசாரித்தார்கள். தொடர்ந்து வலிப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்ததில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் புழுக்கட்டிதான் காரணம் என்று 2006இல் தெரிவித்தார்கள். இதைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம். கண்டுபிடித்து வைத்தியம் பார்க்கக்கூடிய காரணம் ஒன்று இத்தனை பேருக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"நாங்க பன்னிக்கறியே தொடுறதில்லையே!"

இந்தக் கேள்வி எல்லோரும் கேட்பது. மங்கலம்பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பன்றி இறைச்சி வாசலே மிதிக்காத வீடுகள் ஏராளம். சைவக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு எப்படி வரும்?

இரண்டு வழியைப் பிரித்துப் பாருங்கள். கட்டி உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகாமல் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். இது முதல் வழி. அந்த ஆளுக்குப் பெரிய தொந்தரவு ஒன்றும் தெரியாது. சில மீட்டர் நீளப் புழு உள்ளே இருந்தாலும் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். மலத்தில் சில சமயம் வெள்ளை நாடாத் துண்டு போலக் கழியும், அவ்வளவுதான். ஆனால் அந்த மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். இரண்டாவது வழி இங்கேதான் தொடங்குகிறது. அவர் கால் கழுவிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோறு பிசைந்தால், பரிமாறினால், அந்த முட்டை மற்றவர் வயிற்றுக்குப் போகும். வெட்டவெளியில் மலம் கழித்தால் மண்ணோடும் தண்ணீரோடும் கலந்து கீரையில், கொத்தமல்லியில், முள்ளங்கியில் ஒட்டும். மூளைக்குப் போவது இந்த முட்டை. கறி தின்பவர், தின்னாதவர் என்று அது பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பன்றி இறைச்சியை மத ஆசாரப்படி அறவே தொடாத யூதக் குடும்பங்கள் உண்டு. அவர்களில் நாலு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி இருந்ததாக 1992இல் மருத்துவ இதழில் செய்தி வந்தது. வீட்டில் சமையல் வேலை செய்தவர்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வழியாக முட்டை வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். வேலைக்காரம்மாவைப் பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் வயிற்றில் புழு இருப்பது அவருக்கே தெரியாது. நம் வீட்டில் சமைப்பது நாமேதான். அந்தப் புழு கணவர் வயிற்றிலும் இருக்கலாம், மாமியார் வயிற்றிலும் இருக்கலாம். ஒருவருக்கு மூளைப் புழுக்கட்டி என்று தெரிந்தால், வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். குடல் நாடாப்புழுவைப் போக்க மருந்து உண்டு.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மூளையில் கட்டி உள்ளவரைத் தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது. அவர் பால் கொடுத்தால் குழந்தைக்கு வராது. தாம்பத்தியத்தால் பரவாது. கட்டி மூளைக்குள் பூட்டிக் கிடக்கிறது. அது முட்டை போடுவதில்லை. பரவுவது குடல் புழுவின் முட்டையால் மட்டுமே.

ஸ்கேன் என்ன காட்டுகிறது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். வலிப்பு வந்தவரைப் பார்த்துவிட்டு மருத்துவர், "கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுக்கிறார். அது எதற்கு?

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தத்தை வைத்துப் படம் எடுக்கும் எந்திரம். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. உயிரோடு இருக்கும் புழுக்கட்டி எம்.ஆர்.ஐ. படத்தில் எப்படி இருக்கும் என்றால், பாதி வெந்த ஜவ்வரிசியைப் பார்த்திருப்பீர்கள்: சுற்றிலும் கண்ணாடி மாதிரி, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. தலை தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், உயிரோடு இருக்கும்வரை அந்தப் புழு பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. உடம்பின் காவலுக்குத் தெரியாமல் ஒளிந்து கிடக்கிறது. அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கிறது. சுற்றிலும் வீக்கம் வருகிறது. அந்த வீக்கம்தான் மூளையைச் சீண்டி வலிப்பை உண்டாக்குகிறது.

கான்ட்ராஸ்ட் ஊசியின் வேலை அந்த வீக்கத்தைக் காட்டுவது. நம் வயல் வரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு கெட்டியாக இருந்தால் வாய்க்கால் தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குப் போகாது. எலி வளை போட்ட இடத்தில் மட்டும் கசியும். அந்த ஈரத்தைப் பார்த்தே வரப்பு எங்கே பழுது என்று சொல்லிவிடுவோம். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் அப்படி ஒரு கெட்டியான கரை உண்டு. கையில் நரம்பு வழியாக ஏற்றும் காடோலினியம் என்ற மருந்து, கரை நன்றாக உள்ள இடத்தில் குழாயை விட்டு வெளியே வராது. வீக்கம் உள்ள இடத்தில் கரை தளர்ந்திருக்கும். அங்கே மட்டும் மருந்து கசிந்து, படத்தில் வெள்ளை வளையமாக மின்னும். கட்டி இருக்கிறதா என்பதோடு, அது உயிரோடு இருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா, ஆறித் தழும்பாகிவிட்டதா என்பதையும் மருத்துவர் இதை வைத்துக் கணிக்கிறார். வைத்தியம் இந்தக் கணிப்பைப் பொறுத்தே மாறும்.

ஆறிப்போன பழைய கட்டி சுண்ணாம்புக் கல் போல ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ.யை விடச் சி.டி. ஸ்கேன்தான் மேல். அதனால் சில பேருக்கு இரண்டு ஸ்கேனும் வேண்டியிருக்கும். "சி.டி.யே போதும்" என்று மருத்துவர் சொன்னால், "பணக்காரங்களுக்குத்தான் பெரிய ஸ்கேனு, நமக்கெல்லாம் சின்னதுதான்" என்று நினைக்க வேண்டாம். அவருக்கு வேண்டிய விடை அதிலேயே கிடைத்திருக்கும். மூளைக்குள் நீர் ஓடும் அறைகளில் ஒளிந்த கட்டி, மூளையின் அடிப்பாகத்தில் உள்ள கட்டி இவற்றுக்கு எம்.ஆர்.ஐ.யே நல்லது.

வளையம் தெரிந்தால் அது புழுதான் என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. காசநோய்க் கட்டியும் வளையமாகத் தெரியும். பொதுவாக 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஒழுங்கான வளையம் புழுக்கட்டியின் பக்கம் சாய்கிறது. அதைவிடப் பெரியது, கரடுமுரடானது, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளுவது என்றால் காசநோய் பற்றி யோசிப்பார்கள். அப்போது மருத்துவர், "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா? காசநோய் மாத்திரை சாப்பிட்டவர் உண்டா? எடை குறைந்ததா?" என்று கேட்பார். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். படம் பாதி சொல்லும், நீங்கள் மீதி சொல்ல வேண்டும்.

ஸ்கேனுக்கு முன்னால் சொல்ல வேண்டியவை

இது காந்தம். இரும்பு இழுக்கும். உள்ளே போகுமுன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கொண்டை ஊசி, கொலுசு, மெட்டி, தாயத்து, வெள்ளி அரைஞாண், கொக்கி வைத்த உள்ளாடை எதுவும் ஆகாது. தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டி வைத்திருப்பவர்கள் நம் பெண்களில் எத்தனை பேர்! அந்த ஊக்கு மிகவும் ஆபத்து. தாலியையும் கழற்றச் சொன்னால் அபசகுனம் என்று தகராறு செய்யாதீர்கள். கணவர் கூடப் போயிருந்தால் அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அவரே கட்டிவிடலாம். அதைவிட நல்ல சகுனம் எது?

இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் கருவி, மூளையில் கிளிப், எலும்பில் பிளேட் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பட்டறையில், வெல்டிங்கில் வேலை பார்த்து எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்; சின்னத் துகள்தானே என்று இருந்துவிடக் கூடாது.

காப்பர் டி போட்டிருக்கும் சகோதரிகளுக்குப் பயம் வரும். செம்பு காந்தத்துக்கு ஒட்டாது. பொதுவாகக் காப்பர் டி ஸ்கேனுக்குத் தடையில்லை. அதை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தாலும் ஸ்கேன் அறைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். குடும்ப நல அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும் சொல்லுங்கள். அதுவும் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை.

நாள் தள்ளிப் போயிருக்கிறதா? இதுதான் மிக முக்கியமான கேள்வி. மாமியார், நாத்தனார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்குத் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் கான்ட்ராஸ்ட் ஊசியை, தவிர்க்கவே முடியாத நிலைமை இருந்தாலொழிய, போட மாட்டார்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பொதுவாகத் தடையில்லை. ஊசி மருந்து பாலில் மிகச் சொற்பமாகவே சேரும்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் கான்ட்ராஸ்ட் பற்றி மருத்துவர் யோசித்துத்தான் முடிவு செய்வார். அதற்காக முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்கலாம். முன்பு ஏதாவது ஊசிக்குத் தடிப்பு, மூச்சிரைப்பு வந்ததுண்டா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு குழாய் மாதிரியான எந்திரத்துக்குள் படுக்க வைப்பார்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். டமடமவென்று தகரக் கொட்டகையில் கல் விழுகிற மாதிரி சத்தம் வரும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், பயமாக இருந்தால் அழுத்தலாம், வெளியே ஆள் இருப்பார். பாதியில் கையில் ஊசி மருந்து ஏறும்போது கொஞ்சம் குளிர்ச்சி தெரியும். வலியில்லை. மருந்து பிறகு சிறுநீரோடு வெளியேறிவிடும்.

கட்டி என்று தெரிந்த பிறகு

முதல் மருந்து வலிப்பை அடக்கும் மருந்து. அதை ஒரு வேளைகூட விடக் கூடாது. "ஒரு மாசமா வரல, போதும்" என்று நிறுத்தினால் முன்னைவிடப் பலமாக வரும்.

புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல் மாத்திரை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதானே என்று கடையில் வாங்கி, தானாகவே பத்து நாள் விழுங்கியவர்களும் உண்டு. மூளை நிறையக் கட்டி இருப்பவர் அப்படிச் செய்தால், எல்லாப் புழுவும் ஒரே சமயத்தில் சாக, மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வை போகும். அதனால்தான் மருத்துவர் படத்தைப் பார்த்து, கண்ணையும் சோதித்து, வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து அளவாகக் கொடுக்கிறார். ஆறிச் சுண்ணாம்பாகிவிட்ட கட்டிக்கு இந்த மாத்திரையால் பலனே இல்லை.

சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வளையம் அடியோடு மறைந்திருந்தால், வலிப்பும் வராமல் இருந்தால், வலிப்பு மருந்தை மெல்ல மெல்லக் குறைக்க வழி பிறக்கும். கல் மாதிரி தழும்பு மிச்சம் இருந்தால் மருந்தைக் கூடுதல் காலம் தொடர வேண்டிவரும்.

குடும்பக் கட்டுப்பாடும் வலிப்பு மருந்தும்

இதைப் பல பேர் மருத்துவரிடம் கேட்பதே இல்லை. ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிடோன் போன்ற வலிப்பு மருந்துகள் மாலா-என், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரைகளின் பலத்தைக் குறைத்துவிடும். ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டும் கரு நின்றுவிட்டது என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது பெண்ணைத் திட்டிப் பயனில்லை. காப்பர் டியை இந்த மருந்துகள் பாதிக்காது. நிரோத்தைப் பாதிக்காது. குழந்தைகள் போதும் என்று இருவரும் முடிவு செய்திருந்தால் ஆண்களுக்கான வாசக்டமி சிறிய சிகிச்சைதான். நோயாளியான மனைவியையே மறுபடி மேசையில் படுக்க வைக்காமல் கணவர் முன்வரலாமே!

அல்பெண்டசோல் சாப்பிடும் நாட்களிலும், அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் காலம் வரையிலும் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடியது. அதைச் சாப்பிடுகிறவர் குழந்தைக்கு ஆசைப்பட்டால், முதலிலேயே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பயந்துகொண்டு தானாக நிறுத்துவது அதைவிடக் கெடுதல். ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கேளுங்கள். சரியான மருந்தோடும் கண்காணிப்போடும் வலிப்புள்ள பெண்கள் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெற்றெடுக்கிறார்கள்.

நிறைமாதமாக இருக்கும் பெண்ணுக்கோ, பிரசவமான சில வாரங்களில் உள்ள பெண்ணுக்கோ வலிப்பு வந்தால் அது வேறு கதை. ரத்தக் கொதிப்பால் வந்திருக்கலாம், மூளையில் ரத்தம் உறைந்திருக்கலாம். புழுக்கட்டி, ஸ்கேன் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே 108க்குப் போன் செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1976இல் செய்த திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வலிப்பு வருவது இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாக இருந்தது. 1999இல் அந்தச் சொல்லையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வலிப்பு வருகிறது என்பதற்காகக் கல்யாணம் செல்லாது என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. பஞ்சாயத்தில் யாராவது பழைய சட்டத்தைப் பேசினால் இந்த வருஷத்தைச் சொல்லுங்கள்.

வலிப்பு வரும் நேரத்தில்

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டு வையுங்கள். அடுப்பு, கல், கிணற்று விளிம்பு இருந்தால் விலக்குங்கள். கையில் இரும்பு, வாயில் கரண்டி, தண்ணீர் ஒன்றும் வேண்டாம். கையைக் காலைப் பிடித்து அழுத்தாதீர்கள். மணியைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108. வலிப்பு முழுசாக அடங்கும் வரைக்கும் தனியாகக் கிணற்றில், ஏரியில் குளிக்க வேண்டாம். விறகடுப்பில் தனியாகச் சமைக்க வேண்டாம். வண்டி ஓட்ட வேண்டாம். முடிந்தால் யாராவது செல்போனில் அந்த வலிப்பைப் படம் பிடித்து வையுங்கள். வேடிக்கைக்கு இல்லை, மருத்துவருக்குக் காட்ட. வலது கையில் தொடங்கியதா, இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததா என்பது அவருக்குப் பெரிய தடயம்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னாலே வழி காட்டுவார். அங்கிருந்து விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களுக்கும் அனுப்புவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துப் போங்கள். ஸ்கேன் கட்டணத்துக்கு என்ன சலுகை உண்டென்று காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். அந்தக் கணவர் கடைசியில் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டியது நீளமாக இருக்க வேண்டியதில்லை. "யம்மா, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். புள்ளைய நீ பாத்துக்க" என்றால் போதும்.

போகும்போது, இதற்கு முன் எடுத்த ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, காலி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். படத்தைக் கூரை ஓட்டில் சொருகி வைக்காதீர்கள். வெயிலும் மழையும் பட்டுக் கெட்டுவிடும். அடுத்த ஸ்கேனில் வளையம் சின்னதாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய படம்தான் வேண்டும்.